தட்டில் குறைந்த சாம்பல்

மலையை என்றைக்குத் திறப்பது என்பதை ஊர்க்கூட்டம்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். எந்த ஊர் எரியப்போகிறதோ அந்த ஊர், தன் சொந்த வழக்கப்படி, ஒரு வீடுகூடத் தடை சொல்லாமல் சம்மதிக்க வேண்டும். சட்டம் எழுதியவர்கள் நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். எங்கள் வழக்கம் என்ன என்று மட்டும் அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள்.

மலையைக் கவனித்து அளக்கக் குப்பத்துக்காரர்களுக்கு நடக்கும் மாலை வகுப்பில் மரகதம் மிஸ் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் நாட்குறிப்பு எழுதுவது. முதலில் கண்டதை எழுத வேண்டும். ஒரு வரி இடம் விட்டு, கருதியதை எழுத வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது. எனக்குக் கலந்துவிடுகிறது. பகலில் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்து உட்காரும்போது, கண்டதே சரிதானா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

திங்கள்

இன்று மிஸ் ஒரு கோலி சோடா பாட்டிலோடு வகுப்புக்கு வந்தார். முப்பது வயதிருக்கும் அவருக்கு. பொள்ளாச்சிப் பக்கம். மலையைத் திறக்கும் பொறியாளர் அவர்தான். நாங்கள் பிடாரி என்று கூப்பிடும் மலைக்கு அவர் அலுவலகத்தில் வெறும் எண்தான் இருக்கிறது. அவரும் இப்போது பிடாரி என்றே சொல்கிறார்.

"மலைக்குள்ள இருக்கறதும் சோடாதானுங்க. உருகின பாறையில வாயு கரைஞ்சு கெடக்குது. மேல பாறை மூடி மாதிரி அமுக்கீட்டு இருக்கற வரைக்கும் சும்மா இருக்கும். மூடி திடீர்னு போச்சுன்னா நுரைச்சு எழும்பி ஊரையே அடிச்சிரும். நாம என்ன பண்றோம், தெற்குச் சரிவுல துளை போட்டு, கோலியை மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா அழுத்தறோம். வாயு போயிரும். குழம்பு நிதானமா வழிஞ்சு ஓடை வழியா கடலுக்குப் போயிரும்."

"ஓடை எங்க வீட்டு வழியாப் போவுதே மிஸ்" என்றாள் தையல்நாயகி அக்கா. அக்கா எங்கள் பக்கத்து வீடு. மீன் விற்றுவிட்டு, வகுப்பில் தரும் டீக்கும் வடைக்கும் வருவதாகச் சொல்லிக்கொள்வாள். ஒரு நாளும் தவறியதில்லை.

"ஆமாங்க்கா. பாட்டிலை எந்தப் பக்கம் சாய்க்கறதுங்கறது மட்டும்தான் நம்ம கையில இருக்குது."

"அது சரி, இந்த மலை ஏன் இஞ்ச வந்து மொளைச்சுது?"

கடலுக்கு அடியில் இருக்கும் தரை ஒன்று இன்னொன்றின் கீழே அமிழ்ந்து போகிறது, போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது, ஈரம் பட்ட பாறை சீக்கிரம் உருகி மேலே வருகிறது என்று மிஸ் சொன்னார். அக்கா கையிலிருந்த வடையைக் கீழே வைத்தாள்.

"கடல் ஊர முழுங்குதுன்னு நாகப்பட்டினத்துலேர்ந்து இஞ்ச ஓடியாந்தோம். இஞ்சயும் அடுப்பு மூட்டுறது கடல்தானா?"

எல்லோரும் சிரித்தோம். மிஸ்ஸும் சிரித்தார். தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்த மாதங்களில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

தள்ளிப்போனதற்குக் காரணம் எங்கள் வழக்கம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் சுவரில் ஆணி அடிக்கமாட்டோம். கூரை பிரிக்கமாட்டோம், அடுப்பை இடம் மாற்றமாட்டோம். அடித்தால் அடி வயிற்றில் விழும் என்பார்கள். தெற்குக் குப்பம் முழுவதையும் குழம்புக்குக் கொடுப்பது வீடு இடிப்பது இல்லாமல் வேறென்ன என்று கேட்டார் நாட்டார் சிங்காரவேலு. ஊர்க்கூட்டத்தில் அவர் சொல்தான் முடிவு. செல்லக்கிளிக்குப் பேறுகாலம் ஆகட்டும் என்றார்கள். அது ஆவதற்குள் நாட்டாரின் மருமகள் உண்டானாள். அவளுக்குப் பிறகு வள்ளியம்மை. "ஏனுங்க, கொஞ்ச நாளைக்கு இந்த ஊர்ல யாருமே உண்டாகாம இருக்க முடியாதுங்களா?" என்று மிஸ் ஒரு நாள் தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டபோது, "ராவுல கரண்ட நிறுத்தாம இருந்தீங்கன்னா பாக்கலாம் மிஸ்" என்றாள் தையல்நாயகி அக்கா.

வள்ளியம்மையின் குழந்தைக்கு இப்போது தீட்டுக் கழிந்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை கூட்டம். இந்த முறை தடை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

வகுப்பு முடிவில் சாம்பல் எடையைப் பலகையில் எழுதினோம். மலை மூச்சு விடும்போதெல்லாம் மெல்லிய சாம்பல் இறங்குகிறது. குப்பத்தில் சில வீட்டுக் கூரைகளில் தட்டு வைத்திருக்கிறோம். காலையில் எடுத்து எடை போட வேண்டும். எங்கள் தட்டில் தையல்நாயகி அக்கா தட்டில் விழுந்ததில் பாதிகூட இல்லை. ஒரே சுவர், ஒரே கூரை.

"மணிமொழி, தராசு சரியா இருக்குதுங்களா?" என்றார் மிஸ்.

"ஒரு வாரமாவே அவ வூட்டுத் தட்டுல கொறையுது மிஸ். பூனை கீனை திங்குதோ என்னமோ" என்றாள் அக்கா.

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கருதியது: பிழை என்னுடையதாகத்தான் இருக்கும்.

புதன்

திங்கள் இரவே தராசைத் துடைத்துப் படிக்கல் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. தட்டை மாற்றினேன். இடத்தை மாற்றி, கூரையின் நடுவில் வைத்தேன். நேற்றுக் காலையும் குறைவு. ஆனால் ஒன்றைப் புதிதாகப் பார்த்தேன். தட்டின் ஒரு ஓரம் மட்டும் சுத்தமாக இருந்தது. காற்று அப்படித் துடைக்காது. ஒரு விரல் அகலத்துக்கு, வளைவாக.

இன்று விடியும்போதே எழுந்து ஏணிக்குக் கீழே நின்றதும் அதனால்தான். அண்ணி கூரையில் இருந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலை எச்சில் தொட்டுச் சாம்பலை எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அண்ணியின் பெயர் பூங்கோதை. அண்ணன் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. முதல் முறை, அடுப்படிச் சுவரை அண்ணன் இடித்துக் கட்டிய வாரம். இரண்டாவது முறைக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் முதல் காரணத்தையே அவள் இரண்டுக்கும் வைத்துக்கொண்டாள்.

என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தாள்.

"எத்தனை மாசம் அண்ணி?"

"ரெண்டு முடியப் போவுது."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"உங்கண்ணனுக்குச் சொன்னா இந்நேரம் படகுக்கெல்லாம் வேப்பிலை கட்டியிருப்பாரு. ஊருக்கே தெரிஞ்சிரும்." சேலை முந்தியால் உதட்டைத் துடைத்தாள். "அந்த ரெண்டுக்கும் இப்படித்தான் சாம்பத் திங்கணும்போல இருந்திச்சு. அப்ப அடுப்புச் சாம்பல். இது அதவிட வாசமா இருக்கு மணி. மழை பெய்ஞ்ச மாதிரி."

"அதுல விஷம் இருக்கு அண்ணி. மிஸ் சொன்னாங்க. மலைச் சாம்பல் விழுந்த புல்லைத் தின்ன மாட்டுக்குப் பல்லெல்லாம் போயிருமாம். எலும்பே கெட்டுப்போவுமாம்."

"நான் என்ன மாடு மாதிரியா மேயுறேன். ஒரு சிட்டிகை."

இறங்கி வந்தவள் என் கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

"வெள்ளிக்கெழம கூட்டம். நான் எந்திரிச்சு நின்னா, இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போவும். மலை சும்மா இருக்குமா? ஏதாச்சும் ஆச்சுன்னா, தங்காத வயித்துக்காக ஊரக் கொன்னவன்னு சொல்லுவாங்க. நிக்காம இருந்தேன்னா..." கூரையில் இருந்த தட்டை அண்ணாந்து பார்த்தாள். "நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்போது அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதி என்று நினைத்தேன்.

கண்டதில் ஒரு பொய்யை எழுதினேன். மாலைப் பலகையில் எங்கள் தட்டின் எடையைத் தையல்நாயகி அக்கா தட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்து போட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. அழித்துவிட்டு உண்மையான எடையை எழுதினேன். அக்கா பின்னால் நின்று இரண்டையும் பார்த்தாள். "என்ன புள்ள, பூனை பாதியக் கக்கிட்டுப் போயிடிச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழன்

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மிஸ்ஸிடம் கேட்டேன்.

"இன்னும் எட்டு மாசம் தள்ளிப்போட்டா என்ன ஆவும் மிஸ்?"

திரையில் சாய்வுமானியின் கோட்டைக் காட்டினார். மலையின் தோள் வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போவதை அந்தக் கோடு காட்டும். சில வாரங்கள் சமமாக இருக்கிறது, பிறகு ஏறுகிறது, மறுபடி நிற்கிறது.

"வீங்குது, நிக்குது, வீங்குது. கந்தக வாயு கூடியிருக்குது. கீழ சின்னச் சின்ன அதிர்வு. எட்டு மாசம் தாங்கினாலும் தாங்கும். எட்டு நாள்ல போனாலும் போயிரும். தானா வெடிச்சா தெற்கோட நிக்காதுங்க. துறைமுகம், வடகரை, பள்ளிக்கூடம் எல்லாம் போயிரும்."

"நீங்க என்ன கருதுறீங்க?"

"தாங்காதுன்னு கருதறேன்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆனா அதை நான் கண்டதில்லீங்க. யாரும் கண்டதில்லை. வெடிச்ச மலைகளைத்தான் கண்டிருக்கறோம். வெடிக்காம விட்டுட்டதை யாருங்க எழுதி வெச்சாங்க?"

நான் காலி டம்ளர்களை அடுக்கத் தொடங்கினேன்.

"எட்டு மாசம்னு ஏன் கேக்கறீங்க?" என்றார். கேட்ட உடனே கையை உயர்த்தினார். "வேண்டாம். சொல்லாதீங்க. எனக்குத் தெரிஞ்சா நாளைக்குக் கூட்டத்துல நான் சொல்லியாகோணும். சட்டம் அப்படி. சொன்னா தேதி போயிரும்."

"உங்களுக்கு எதுவும் தெரியாது மிஸ்."

"எனக்கு எதுவும் தெரியாதுங்க" என்று அவரும் சொன்னார்.

ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு இருவரும் விளக்கை அணைத்துக் கிளம்பினோம். மலை எப்போதும் போல இருந்தது.

வெள்ளி

மாரியம்மன் கோயில் வாசலில் மணலில் உட்கார்ந்தோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அண்ணி எனக்கு இரண்டு வரிசை முன்னால், அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மிஸ் ஓரமாக ஒரு நாற்காலியில் இருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாட்டார் எழுந்து நின்றார்.

"வர்ற புதன்கெழம காலையில பிடாரியத் தொறக்கிறதா நாள் வெச்சிருக்கு. நம்ம வூடு, கோயில், கெணறு எல்லாம் போவும். வடகரையில எடம் குடுத்திருக்காங்க. எந்த வூட்டுக்காவது தடை உண்டா?"

மூன்று முறை கேட்பது வழக்கம். முதல் முறை யாரும் பேசவில்லை.

"தடை உண்டா?"

வள்ளியம்மையின் குழந்தை வீறிட்டு அழுதது. "ஒந்தடை செல்லாதுடா, நீதான் பொறந்துட்டியே" என்று யாரோ சொல்ல, ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்து அடங்கியது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நாட்டார் காத்திருந்தார். மூன்றாவது முறை கேட்கும்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"கடைசியாக் கேக்குறேன். யாருக்காவது தடை உண்டா?"

துறைமுகத்துப் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டேன். சாய்வுமானியின் கோட்டை நினைத்துக்கொண்டேன். சத்தியத்தையும் நினைத்துக்கொண்டேன். அண்ணி திரும்பிப் பார்த்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, பக்கத்தில் இருந்த பெண்களைப் பார்த்தேன். எல்லோரும் குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். தையல்நாயகி அக்காவுக்குக்கூட ஒரு கேலி கிடைக்கவில்லை. வீடு போகிற துக்கம் என்று நினைத்தேன்.

"ஊர்ச் சொல் ஒரு சொல்" என்றார் நாட்டார். மணலில் காலால் ஒரு கோடு இழுத்தார். முடிந்தது.

கருதியது: நான் சரியாகத்தான் செய்தேன். இந்த வரியை மூன்று முறை எழுதி அடித்துவிட்டு நான்காவது முறையாக எழுதுகிறேன்.

திறப்பு நாள்

தெற்கே கடலில், மிஸ் சொன்ன தூரத்தில், எல்லாப் படகுகளும் ஒன்றோடொன்று கயிறு கட்டி நின்றன. பானை, பாய், கோழிக்கூடு, அம்மன் சிலை எல்லாம் படகில். எங்கள் படகில் அண்ணன், அம்மா, அண்ணி, நான்.

பெரிய சத்தம் வரும் என்று காதைப் பொத்திக்கொண்டிருந்தோம். மலை தொண்டையைச் செருமியது, அவ்வளவுதான். தெற்குச் சரிவில் வெள்ளைப் புகை வரிசையாக எழுந்தது. அது வாயு. கோலி அழுந்திவிட்டது. வெகு நேரம் புகை மட்டுமே வந்தது. பிறகு ஓடையின் தலையில் சிவப்பாக ஒரு கீறல். பகல் வெளிச்சத்தில் அது அழகாகக்கூட இல்லை. கருப்புத் தோல் போர்த்திய ஏதோ ஒன்று, அவசரமில்லாமல், ஒரு நடைபோல இறங்கி வந்தது.

"கோயிலு" என்றாள் அம்மா. சற்றுப் பொறுத்து, "தண்ணித் தொட்டி" என்றாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். எங்கள் கூரை எரிந்தபோது ஒரு சின்னச் சுடர்தான் தெரிந்தது. நாங்கள் சொல்லித்தான் அண்ணன் பார்த்தான்.

அப்போது தையல்நாயகி அக்கா தன் படகிலிருந்து எங்கள் படகுக்குக் கால் வைத்து வந்தாள். ஒன்றும் சொல்லாமல் அண்ணியின் கொண்டையில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகினாள். இடுப்பில் ஒரு இரும்புத் துண்டைச் சொருகிவிட்டாள். அடுத்த படகிலிருந்து செல்லக்கிளி வந்தாள். அவள் கையிலும் வேப்பிலை. பிறகு வள்ளியம்மை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. பிறகு நாட்டாரின் மருமகள். ஒவ்வொருத்தியும் வீட்டிலிருந்து புறப்படும்போதே பறித்து வைத்திருந்த வேப்பிலை. வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் காவல் கட்டுகிற மாதிரி.

அண்ணன் விழித்தான். "என்னா இது, எல்லாரும் எதுக்கு..." என்று தொடங்கி, அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

அண்ணி முதல் கொத்துக்குச் சிரித்தாள். இரண்டாவதுக்கும் சிரிப்பு இருந்தது. பிறகு இல்லை.

"அப்ப எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

"சாம்பத்தட்டு கொறைஞ்ச அன்னைக்கே தெரியும்டி" என்றாள் அக்கா. "பூனையா சாம்பத் திங்கும்?"

"தெரிஞ்சுமா ஒருத்தரும் தடை சொல்லல?"

அக்கா அண்ணியின் இடுப்பில் இருந்த இரும்புத் துண்டை மறுபடி சரிசெய்தாள்.

"நீ சொல்லுவேன்னு இருந்தோம். ஒன் வயிறு. நீ எந்திரிச்சிருந்தா யாரு மறுத்திருப்பா?"

"நீங்க யாராச்சும் சொல்லுவீங்கன்னு நான் இருந்தேன்க்கா."

படகுகள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொண்டன. பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அண்ணி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை.

"மூணாவது வாட்டி கேட்டப்ப திரும்பி ஒன்னத்தான் பாத்தேன் மணி."

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம்..."

"ஆமா. வாங்குனேன்."

அதற்குப் பிறகு அவள் மலையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேப்பிலைகளை எடுக்கவில்லை. குழம்பு கடலைத் தொட்டது. வெள்ளை ஆவி எழுந்து குப்பம் இருந்த இடத்தை மறைத்தது.

வடகரை

யாரும் சாகவில்லை. துறைமுகம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, ஐஸ் கம்பெனி இருக்கிறது. மலையின் தோள் தணிந்துவிட்டதாகச் சாய்வுமானி காட்டுகிறது. மிஸ்ஸுக்குத் தலைநகரிலிருந்து பாராட்டு வந்திருக்கிறது.

"திறக்காம விட்டிருந்தா எப்ப வெடிச்சிருக்கும் மிஸ்?" என்று கேட்டேன்.

"திறந்த மலைகிட்ட அதைக் கேக்க முடியாதுங்க, மணிமொழி." பிறகு வருகைப் பதிவை எடுத்துக்கொண்டார்.

புதிய வீடுகளின் கூரையில் தட்டுகளை மறுபடி வைத்திருக்கிறோம். திறந்த வாயிலிருந்து சாம்பல் இன்னும் வருகிறது. காற்று வடக்கே அடிக்கும் நாட்களில் இங்கேயும் இறங்குகிறது. வந்த முதல் சில நாட்கள் எங்கள் தட்டு வழக்கம்போலக் குறைந்தது. ஓரத்தில் விரல் வளைவு இருந்தது. விஷம் என்று தெரிந்தும், அந்த வளைவைப் பார்க்கும்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. அண்ணன் அவளை ஏணி ஏற வேண்டாம் என்று கெஞ்சுவான். அவள் ஏறுவாள்.

நேற்று முழுவதும் அண்ணி பாயில் படுத்திருந்தாள். காய்ச்சல் என்றாள் அம்மா. அண்ணன் கடலுக்குப் போகவில்லை. அறைக் கதவு சாத்தியிருந்தது. அம்மா துணிகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குத் தனியாகப் போனாள். நான் உதவிக்கு வருகிறேன் என்றபோது வேண்டாம் என்றாள்.

இன்று காலை தட்டை இறக்கினேன். சாம்பல் ஓரம் முதல் ஓரம் வரை சமமாகப் படிந்திருந்தது. விரல் வைத்த தடம் இல்லை. எடை போட்டேன். படிக்கல்லை மாற்றி மறுபடி போட்டேன். பக்கத்து வீட்டுத் தட்டைக் கேட்டு வாங்கி அதையும் போட்டேன். சமம்.

மசக்கை தானாகவே நின்றிருக்கலாம். மூன்று மாதம் ஆனால் சிலருக்கு நிற்கும் என்பார்கள். காய்ச்சலில் ஏணி ஏற முடியாமல் இருந்திருக்கலாம். நான் சொன்னதைக் கேட்டு விட்டிருக்கலாம். கதவைத் தட்டிக் கேட்டால் தெரிந்துவிடும். நான் தட்டவில்லை.

மாலையில் எடையைப் பலகையில் எழுதினேன். மிஸ் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, "இப்பத்தான் உங்க அளவு சரியா வந்திருக்குதுங்க" என்றார்.

தையல்நாயகி அக்கா டீயைக் கையில் வைத்துக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லக்கிளியும் பார்த்தாள். டீயை அப்படியே வைத்துவிட்டு அக்கா எழுந்து வெளியே போனாள்.

இன்று பூனையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.